ஹார்டெஸ்டா, எக்ஸ்ட்ரீமா? கம்ப்யூட்டர் எதிரிக்குப் பலம் எங்கிருந்து வருகிறது

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டில் கம்ப்யூட்டர் எதிரிக்கு இன்று ஆறு நிலைகள் இருக்கின்றன: ஈசியஸ்ட், ஸ்டாண்டர்ட், மோடரேட், ஹார்ட், ஹார்டெஸ்ட், எக்ஸ்ட்ரீம். சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ பள்ளி முடிந்ததும் சிசிக்கு (சைபர் கஃபேக்கு) ஓடி இதை ஆடிய தலைமுறைக்கு முதல் ஐந்துதான் தெரியும். அவர்களுக்கு ஹார்டெஸ்ட்தான் உச்சம். 2019 நவம்பர் 14-இல் டெஃபினிட்டிவ் எடிஷன் வந்தபோது எக்ஸ்ட்ரீம் ஆறாவதாகச் சேர்ந்தது. பட்டியலைப் பார்ப்பவருக்குப் பழையதற்கு மேல் இன்னும் ஒரு நிலை கூடியிருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் பழைய ஹார்டெஸ்ட் நம்மைத் தோற்கடித்த காரணம் வேறு, புதிய எக்ஸ்ட்ரீம் தோற்கடிக்கிற காரணம் வேறு. அந்த வேறுபாடு தெரிந்தால் எதை எப்போது ஆடலாம் என்பதை எளிதாக முடிவு செய்யலாம்.

ஆடியே பார்க்காதவர்களுக்காக அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். வழக்கமான ஆட்டத்தில் உங்களிடம் ஒரு நகர மையம், மூன்று வேலையாட்கள், குதிரையில் சுற்றிப் பார்த்து வர ஓர் ஒற்றன் இருப்பார்கள். கையில் 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல். வேலையாட்களை வில்லேஜர் என்பார்கள். ஒரு வில்லேஜரை உருவாக்க 50 உணவும் 25 விநாடியும் ஆகும். அவர்கள் வெட்டி, தோண்டி, உழுது சேர்க்கும் பொருளில்தான் வீடும் படையும் கோட்டையும் எழும். அடுத்த காலகட்டத்துக்கு முன்னேறவும் செலவு உண்டு. இரண்டாம் காலத்துக்கு 500 உணவு, மூன்றாவதுக்கு 800 உணவும் 200 தங்கமும், நான்காவதுக்கு 1000 உணவும் 800 தங்கமும் வேண்டும். யார் முதலில் சேர்க்கிறார், யார் வீணாக்காமல் செலவழிக்கிறார் என்பதில்தான் பாதி ஆட்டம் முடிந்துவிடும்.

இந்த விளையாட்டு 1999 செப்டம்பர் இறுதியில் வெளிவந்தது. என்செம்பிள் ஸ்டூடியோஸ் செய்தது, மைக்ரோசாப்ட் வெளியிட்டது. மறு ஆண்டு தி கான்கரர்ஸ் விரிவாக்கம் வந்தது. நம் ஊர் சிசிக்களில் பல ஆண்டுகள் ஓடியது அதுதான். அதில் கம்ப்யூட்டர் எதிரியை ஹார்டெஸ்டில் வைத்தால் அதற்குப் பொருள் இலவசமாகக் கிடைக்கும். ஒரு மரம்கூட வெட்டாமல், ஒரு பழம்கூடப் பறிக்காமல் அதன் கணக்கில் உணவும் மரமும் தங்கமும் ஏறும். எதிரி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது, இப்படி நடந்தால் இதைச் செய் என்ற விதிகளின் நீண்ட வரிசையாக எழுதப்பட்டிருந்தது. அந்த விதி மொழியில் கணக்கில் பொருளைக் கூட்டும் கட்டளையே தனியாக ஒன்று உண்டு.

ஆகவே அந்தக் காலத்தில் தோற்ற ஒரு பையன் "கம்ப்யூட்டர் ஏமாத்துது" என்று முணுமுணுத்தபடி வீடு திரும்பியிருந்தால், அவன் சாக்குச் சொல்லவில்லை. அது உண்மை.

செய்தவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நல்ல ஆட்டக்காரரைப் போலச் சிந்திக்கும் எதிரியை எழுதுவது அன்று மட்டுமல்ல, இன்றும் கடினமான வேலை. எப்படிச் சேர்ப்பது, எங்கே தாக்குவது, எப்போது பின்வாங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் விதி வேண்டும். விளையாட்டு வெளிவந்த பிறகு ஆட்டக்காரர்கள் கண்டுபிடிக்கப்போகும் உத்திகளை முன்கூட்டியே யாராலும் எழுதி வைக்க முடியாது. அதனால் எதிரியின் திறமைக் குறையைப் பொருளால் ஈடு செய்தார்கள்.

ஆனால் அந்த ஈடு ஆட்டக்காரரிடம் ஒரு பழக்கத்தை விதைத்தது. ஹார்டெஸ்டை வெல்ல எல்லாரும் ஒரே வழியைத்தான் பிடித்தார்கள். சுற்றிச் சுவர் எழுப்பு, கோட்டை கட்டு, முதல் அலைகளைத் தாங்கு, எதிரி பொருளை எல்லாம் கொட்டித் தீர்க்கும்வரை காத்திரு, பிறகு வெளியே வா. இது வெல்லும். ஆனால் இதே முறையோடு ஒரு நல்ல மனித ஆட்டக்காரரிடம் போனால் கோட்டைக்குக் கல் சேர்ப்பதற்குள் ஆட்டம் கைநழுவியிருக்கும்.

தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். வெளுக்கும் முன்பே நிரைக்குப் போய்க் கை வேகத்தாலும் கத்தியின் நேர்த்தியாலும் ஒருவர் வாளியை நிரப்புகிறார். இன்னொருவருக்கோ காலையிலேயே பாதி வாளி பாலை யாரோ ஊற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். நிறுவையில் இருவர் கணக்கும் ஒன்றாக வரலாம். முதலாமவரிடம் ஒரு வாரம் கூட நின்றால் வேலை படியும். இரண்டாமவரிடம் கற்க எதுவும் இல்லை.

எக்ஸ்ட்ரீம் அந்த முதலாமவர். டெஃபினிட்டிவ் எடிஷனின் கம்ப்யூட்டர் எதிரி எந்த நிலையிலும் இலவசப் பொருள் வாங்குவதில்லை. அதே மூன்று வில்லேஜர்களோடு, அதே 200 உணவோடு உங்களைப் போலவே தொடங்குகிறது. இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததல்ல. 2013-இல் எச்.டி. எடிஷன் வந்தது. ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்ற பெயரில் தாங்களாகவே விரிவாக்கம் செய்துவந்த ரசிகர் குழு அதன் பின் அதிகாரபூர்வமாகவே உள்ளே வந்தது. கம்ப்யூட்டர் எதிரியின் விதிகளைச் சொந்த ஆர்வத்தில் எழுதிப் பழகிய ரசிகர்களும் பல ஆண்டுகளாக இருந்தார்கள். வெளியே வளர்ந்த அந்த அறிவு உள்ளே வந்ததால்தான் நேர்மையாக ஆடியே வெல்லும் எதிரி நமக்குக் கிடைத்தது. இந்த விளையாட்டின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அப்படியானால் எக்ஸ்ட்ரீமின் பலம் எது? முதலில், அது நேரத்தை வீணாக்குவதில்லை. 25 விநாடிக்கு ஒரு வில்லேஜர் என்பதை அது மறப்பதே இல்லை. நீங்கள் ஒரு சண்டையில் மூழ்கி ஐம்பது விநாடி நகர மையத்தை மறந்தால் இரண்டு வில்லேஜர்கள் பிறக்காமல் போகிறார்கள். அந்த இருவர் அடுத்த இருபது நிமிடம் வெட்டியிருக்கக்கூடிய மரம் முழுவதும் உங்களுக்கு நட்டம். ஆட்டத்தின் தொடக்கத்தில் இப்படி நான்கைந்து முறை மறந்தாலே எக்ஸ்ட்ரீம் உங்களைத் தாண்டிப் போய்விடும். தோற்றவர்கள் பெரும்பாலும் படை போதவில்லை என்று நினைப்பார்கள். உண்மையில் தோல்வி அதற்கு வெகு முன்பே, ஆளில்லாமல் கிடந்த நகர மையத்தில் தொடங்கியிருக்கும்.

இரண்டாவது, உங்களிடம் இருப்பது ஒரு மவுஸ், இரண்டு கண்கள். கம்ப்யூட்டருக்கு அந்த வரம்பு கிடையாது. ஒரு பக்கம் வயலை உழுதுகொண்டே மறுபக்கம் படையை நகர்த்தும். கல்லெறியும் பொறியின் குண்டு வருவதைக் கண்டதும் ஆட்களைச் சிதறடிக்கும். சட்டப்படி இருவருக்கும் ஒரே விதிதான். கை வேகத்தில் சமம் கிடையாது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் முழுச் சமம் என்றும் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, அது சீக்கிரம் வரும். பழைய எதிரிக்காகச் சுவர் கட்டிக் காத்திருந்த பழக்கத்தோடு உட்கார்ந்தவர்களை எக்ஸ்ட்ரீம் இரண்டாம் காலகட்டத்திலேயே தொந்தரவு செய்யத் தொடங்கிவிடும்.

அதே பதிப்பில் உள்ள புதிய ஹார்டெஸ்ட் இதைவிட ஒரு படி தளர்ந்தது. அதுவும் இலவசப் பொருள் இல்லாமல்தான் ஆடுகிறது. கீழ்நிலைகளில் எதிரி தன்னையே கட்டுப்படுத்திக்கொள்கிறது. மெதுவாகப் பெருகும், தாமதமாகத் தாக்கும். எக்ஸ்ட்ரீமில் அந்தக் கட்டுகள் அவிழ்கின்றன. அதாவது பழைய பதிப்பில் நிலை ஏறினால் எதிரிக்கு வெளியிலிருந்து உதவி வந்தது. புதிய பதிப்பில் நிலை ஏறினால் எதிரி தன் திறமையைக் கூடுதலாகக் காட்டுகிறது. நண்பர்கள் இருவர் "நான் ஹார்டெஸ்டை ஜெயிச்சேன்" என்று பேசும்போது எந்தப் பதிப்பு என்று கேட்காமல் ஒப்பிட முடியாது.

மற்ற விளையாட்டுகளில் எப்படி? ஸ்டார்கிராஃப்ட் 2 இதை ஒளிவில்லாமல் செய்கிறது. நேர்மையாக ஆடும் உச்ச நிலை எலீட். அதற்கு மேல் உள்ள மூன்றுக்குச் சீட்டர் 1, 2, 3 என்றே பெயர். முதலாவது முழு வரைபடத்தையும் பார்க்கும், இரண்டாவது கூடுதல் பொருளும் பெறும், மூன்றாவதற்கு இன்செய்ன் என்றும் பெயர். பட்டியலைப் படித்தாலே என்ன கிடைக்கும் என்று தெரிந்துவிடுகிறது. எல்லா விளையாட்டும் இப்படி எழுதி வைத்தால் நன்றாக இருக்கும். சிவிலைசேஷன் 6-இன் டெய்ட்டி நிலையோ பழைய ஹார்டெஸ்டின் வழியில் போகிறது. நமக்கு நகர் அமைக்கும் ஒரு குழு கிடைக்கும்போது எதிரி மூன்று குழுக்களோடு தொடங்குகிறது. ஆனாலும் அங்கே ஒரு திருப்தி உண்டு. பல மணி நேரம் ஓடும் ஆட்டத்தில், முதலில் பின்தங்கி மெல்ல மெல்ல முந்துவதே அதன் சுவை. அரை மணி, முக்கால் மணியில் முடியும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் அந்தச் சுவைக்கு இடம் குறைவு.

கெடா வாசகருக்கு இந்த விளையாட்டில் இன்னொரு பிடிப்பும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா விரிவாக்கம் திராவிடர் என்ற பிரிவைச் சேர்த்தது. ராஜேந்திர சோழனை நாயகனாகக் கொண்ட கதைத் தொடரும் அதோடு வந்தது. 1025-இல் ஸ்ரீவிஜயத்தின் மேல் கடல் கடந்து படை நடத்தி, கடாரம் கொண்டான் என்று பெயர் பெற்ற அதே ராஜேந்திரன். அந்தக் கடாரம் நம் கெடா. மெர்போக் பக்கம் பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் அடித்தளங்களைப் பார்த்தவர்கள் அந்தக் கதைத் தொடரை வேறு கண்ணோடு ஆடுவார்கள். நமக்கு அதில் இரு கரையும் சொந்தம். 2016-இல் வந்த ரைஸ் ஆஃப் தி ராஜாஸ் ஏற்கெனவே மலாய்ப் பிரிவைச் சேர்த்திருந்தது.

கதைத் தொடரின் கடினம் மூன்றாவது வகை. அங்கே ஹார்ட் நிலையைத் தேர்ந்தால் அந்தந்தக் கட்டத்தை வடிவமைத்தவர் கையால் அடுக்கியதுதான் உங்கள்மேல் வரும். எதிரிப் படை கூடலாம், அது முன்கூட்டியே தாக்கலாம், உங்களுக்குத் தொடக்கத்தில் பொருள் குறையலாம். கட்டத்துக்குக் கட்டம் இது மாறும். சமநிலை என்பதே அங்கே நோக்கம் இல்லை. வரலாற்றில் ஒரு நெருக்கடியை உணர வைப்பதே நோக்கம். ஒருமுறை தோற்று, தாக்குதல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு மறுமுறை வெல்லலாம். எக்ஸ்ட்ரீமிடம் அந்த மனப்பாடம் பலிக்காது. அதனால் ராஜேந்திரன் தொடரை ஹார்டில் முடித்தவர் எக்ஸ்ட்ரீமிடம் தோற்பது இயல்பே.

எந்தப் பிரிவோடு ஆடுகிறீர்கள் என்பதும் கடினத்தை மாற்றும். மலாய்ப் பிரிவு மற்றவர்களைவிட மிக விரைவாக அடுத்த காலத்துக்கு ஏறும். அதன் கரம்பிட் வீரர் மக்கள்தொகைக் கணக்கில் ஓர் ஆளுக்கான இடத்தில் பாதியைத்தான் பிடிப்பார். தொடக்கத்தில் எக்ஸ்ட்ரீமை எதிர்கொள்ள இது நல்ல துணை. திராவிடர் நீர் நிறைந்த வரைபடத்தில் பலசாலி. திரிசடை என்ற பெரிய கப்பலும், உருமி சுழற்றும் வீரரும், எதிரியின் கவசத்தைப் பொருட்படுத்தாத வூட்ஸ் எஃகும் அவர்களுக்கு உண்டு. குதிரைப்படையில் மட்டும் பலவீனம். ஆகவே அரேபியா போன்ற திறந்த நில வரைபடத்தில் திராவிடரை எடுத்து எக்ஸ்ட்ரீமை எதிர்ப்பது, ஊர்ப்பற்றுக்கு நல்லது என்றாலும், கற்கத் தொடங்குபவருக்குச் சிரமம்.

கற்க விரும்புகிறவருக்கு என் பரிந்துரை இது. முதலில் டெஃபினிட்டிவ் எடிஷனில் உள்ள ஆர்ட் ஆஃப் வார் பயிற்சிகளை ஆடுங்கள். தொடக்கப் பொருளாதாரமும் மூன்றாம் காலமான கோட்டைக் காலத்தை விரைவாக அடைவதும் அங்கே தனித்தனியாகப் பழகலாம். பிறகு மோடரேட், ஹார்ட், ஹார்டெஸ்ட் என்று ஏறுங்கள். ஒரே வரைபடம், ஒரே பிரிவு, ஒரே எதிரி என்று வைத்துக்கொண்டால்தான் நிலைகளை ஒப்பிட முடியும். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் வரும் புள்ளிவிவரப் பக்கத்தில் வெற்றி தோல்வியைவிட, எந்த நிமிடத்தில் மூன்றாம் காலத்தை அடைந்தீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். அந்த நேரம் குறைந்துகொண்டே வந்தால் எக்ஸ்ட்ரீமிடம் தோற்றாலும் முன்னேறுகிறீர்கள். எக்ஸ்ட்ரீமை அடிக்கடி வெல்லத் தொடங்கியதும், இணையத்தில் 1000 புள்ளியில் தொடங்கும் ரேங்க் ஆட்டத்துக்குப் போகலாம். மனிதர்கள் கம்ப்யூட்டர் செய்யாத கோணல் வேலைகள் எல்லாம் செய்வார்கள். அது வேறு பாடம்.

பழைய ஹார்டெஸ்டை மறந்துவிடவும் தேவையில்லை. டெஃபினிட்டிவ் எடிஷனுக்குள்ளேயே அந்தப் பழைய சிடி காலத்து எதிரியைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. அதையும் எக்ஸ்ட்ரீமையும் நீங்களே எதிரெதிரே நிறுத்தி, நடுவில் தலையிடாமல் பார்வையாளராக உட்கார்ந்து பாருங்கள். ஒரு பக்கம் இலவசப் பொருளோடு ஆடும் 1999, மறுபக்கம் வெறுங்கையோடு ஆடும் 2019. பத்தாவது நிமிடத்தில் இரு பக்கமும் எத்தனை வில்லேஜர்கள் என்று எண்ணுங்கள், முதல் தாக்குதல் யாரிடமிருந்து வருகிறது என்று பாருங்கள். அடுத்த ஆட்டத்தில் உங்கள் நகர மையத்தை அதே அளவுகோலால் பார்க்க அந்த ஒரு மணி நேரம் உதவும்.