வில் வண்டியும் விவரப் புத்தகமும்

அந்த நாளில் செங்கற்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கித் திருக்கழுக்குன்றத்துக்குப் போகிறவர்கள், வண்டிக்காரனிடம் வாடகையைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால், "வில் வைத்த வண்டிதானே?" என்று கேட்பார்களாம். நம் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வில் இல்லாத கட்டை வண்டியில் ஏறினால், வேதகிரிமலையின் அடிவாரம் சேர்வதற்குள் உடம்பிலுள்ள எலும்புகளெல்லாம் தனித்தனியே பிரதட்சிணம் செய்து முடித்துவிடும் என்பது அவருடைய அநுபவம்.

மாட்டு வண்டி போய் மோட்டார் வந்தது. ஆயினும் வில் நம்மை விட்டுப் போகவில்லை. இன்று சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டாரும் ஒரு வில் வண்டிதான். அந்த வில் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதைச் சென்ற வருஷம் நாம் நேரிலேயே அறிந்துகொண்டோம்.

நம் தகப்பனார் 1996-ஆம் ஆண்டில் வாங்கிய டீசல் அம்பாசடர் கார் இன்னும் நம் வீட்டு வாசலில் நிற்கிறது. நம் நாட்டுச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கான காருக்கு முதலில் 15 ஆண்டுகள் பதிவு உண்டு. பிறகு வண்டி தகுதியான நிலையில் இருந்தால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக் கொள்ளலாம். நம் வண்டிக்கு மீண்டும் புதுப்பிக்கும் காலம் நெருங்கியது. அந்தச் சமயம் பார்த்துப் பின்பக்கத்து இடது சக்கரத்தின் அருகிலிருந்து 'கடக், கடக்' என்று ஓர் ஓசை புறப்பட்டது. வண்டியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

ஒரு பட்டறையில் காட்டினோம். வில்லின் முனையிலுள்ள ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டது என்று புதிது போட்டார்கள். நான்கே மாதத்தில் ஓசை திரும்பி வந்தது. மறுபடியும் புதிய புஷ். மறுபடியும் அதே ஓசை. மூன்றாம் முறை போனபோது, "சார், இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்று யோசனை சொன்னார்கள். வீட்டில் அபிப்பிராயம் இரண்டாகப் பிரிந்தது. நம் மனைவி இரும்புக் கடைக் கட்சி. நம் தாயார் ஒன்றும் பேசாமல், வண்டியின் மேல் படிந்திருந்த புழுதியைத் தம் புடைவைத் தலைப்பால் துடைத்துவிட்டு உள்ளே போனார். அதற்கு மேல் வாதம் ஏது?

வில்லின் இலக்கணம்

பாரத்துக்கு ஏற்ற அளவில் வில் நீளும் அல்லது வளையும் என்ற விதியை ராபர்ட் ஹுக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1678-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பள்ளிக்கூடத்தில் வருஷந்தோறும் அதைப் பாடம் சொல்லிவரும் நாம், அந்த விதி நம் வண்டியின் அடியிலேயே படுத்திருப்பதை ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை!

அம்பாசடரின் பின்பக்கத்தில் இருப்பது பட்டை வில். நீளம் குறைந்துகொண்டே போகும் எஃகுப் பட்டைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் போல்ட் போட்டு, 'யு' வடிவமான கம்பிகளால் அச்சோடு இறுக்கியிருப்பார்கள். மேல் பட்டையின் இரு முனைகளும் சுருண்டு கண் போல் இருக்கும். முன் கண் வண்டியின் உடலோடு பூட்டப்பட்டது. பின் கண் 'ஷாக்கிள்' என்ற ஊஞ்சலில் தொங்குவது. பாரம் ஏறி வளைவு நிமிரும்போது பட்டை நீளுமல்லவா? அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பதற்குத்தான் ஊஞ்சல். முன் சக்கரங்களுக்கோ பட்டை இல்லை. நீண்ட எஃகுத் தண்டு ஒன்று முறுக்கிக்கொண்டு வில்லின் வேலையைச் செய்கிறது. டீசல் இயந்திரம் பெட்ரோல் இயந்திரத்தைவிடக் கனமானதால், காலப்போக்கில் முன் தண்டுகளும் சற்றுத் தளர்ந்து வண்டியின் மூக்கு தாழ்வது உண்டு.

வில் மட்டும் இருந்தால் போதாது. ஒரு பள்ளத்தில் இறங்கிய வண்டி தொட்டில் போல ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்க 'ஷாக் அப்சார்பர்' என்ற எண்ணெய்க் குழாய் இருக்கிறது. சிறு துவாரங்களின் வழியே எண்ணெய் சிரமப்பட்டுப் போய்வருவதால் ஆட்டத்தின் வேகம் அடங்குகிறது.

இத்தனைக்கும் சத்துரு கடற்காற்று. செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். அங்கே கடலோரத்தில் ஓர் இரவு நிறுத்திய வண்டியின் அடியில் கையை வைத்துப் பாருங்கள். விரலில் உப்பு ஒட்டும். பட்டைகளுக்கு நடுவில் அந்த ஈரம் புகுந்தால் துரு ஏறுகிறது. துருப் பிடித்த பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க மாட்டாமல் இறுகி, கடைசியில் முறிகின்றன.

புத்தக வேட்டை

வியாதி தெரிந்தது, வைத்தியம் தெரியவில்லை. வண்டியோடு தகப்பனார் வாங்கிவைத்த சிறு புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். விளக்கை எப்படிப் போடுவது, எண்ணெயை எப்போது மாற்றுவது என்பதோடு அது நின்றுவிட்டது. அது ஓட்டுகிறவனுக்கான புத்தகம். பழுது பார்க்கிறவனுக்கான 'சர்வீஸ் மானுவல்' வேறு. உதிரி உறுப்புகளின் படமும் எண்ணும் கொண்ட ஜாபிதா வேறு. இந்த மூன்றுக்கும் உள்ள பேதத்தை அறிந்துகொள்ளவே நமக்கு ஒரு வாரம் பிடித்தது.

வங்காளத்து உத்தரபாராவில் அம்பாசடரைச் செய்துவந்த தொழிற்சாலை 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2017-ல் அந்தப் பெயரையே 80 கோடி ரூபாய்க்கு ஒரு பிரெஞ்சுக் கம்பெனி வாங்கிக்கொண்டது. பெயர் கடல் கடந்து போனபின் புத்தகத்துக்கு யாரைக் கேட்பது?

அப்போதுதான் வண்டியின் வம்சாவளி நினைவுக்கு வந்தது. அம்பாசடரின் மூதாதை இங்கிலாந்தில் 1956-ல் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் கார். பேரனின் பெயரால் கிடைக்காதது பாட்டன் பெயரால் இணையத்தில் கிடைத்தது. 1996-ல் தொடங்கப்பட்ட 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்ற பொது நூலகத்திலும் வேறு சில இடங்களிலும் அக்காலத்துக் கைநூல்களைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். நம் வண்டியின் 1489 கன சென்டிமீட்டர் டீசல் இயந்திரத்தின் கதை இதைவிட வேடிக்கை. அதே இயந்திரத்தை இங்கிலாந்தில் படகுகளில் பொருத்தியிருந்தார்கள். அங்கே கால்வாய்ப் படகுக்காரர்கள் அதன் புத்தகத்தைப் பத்திரமாகப் பாதுகாத்து வந்திருக்கிறார்கள். கோரமண்டலக் கரையில் ஓடும் காருக்கு ஆங்கிலேயப் படகோட்டி துணை!

மூன்று இரவுகள் கண் விழித்துப் படித்தோம். மூன்றாம் இரவில், ரப்பர் புஷ்களைப் பற்றிய ஓர் அத்தியாயத்தில் ஒரு சிறு குறிப்பு கண்ணில் பட்டது. புஷ்ஷின் போல்ட்டை வண்டி தூக்கி நிற்கும்போது இறுக்கலாகாது. சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டியின் பாரம் முழுவதும் வில்லின்மேல் இறங்கிய பிறகே இறுக்கவேண்டும்.

காரணம் எளிது. இந்த வகைப் புஷ்ஷில் உள் குழாய்க்கும் வெளிக் குழாய்க்கும் நடுவே ரப்பர் ஒட்டியிருக்கிறது. போல்ட்டை இறுக்கினதும் உள் குழாய் அசையாமல் நின்றுவிடும். வில் அசையும்போதெல்லாம் நடுவிலுள்ள ரப்பர்தான் முறுகிக்கொடுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. கழுத்தை ஒரு பக்கம் திருகியபடியே ஒருவனைக் கட்டிப் போட்டுவிட்டு, இன்னும் திரும்பு, இன்னும் திரும்பு என்று சொல்வதற்கு ஒப்பாகும் அது. நான்கு மாதத்தில் ரப்பர் கிழியாமல் என்ன செய்யும்?

பெரியவரின் சுத்தியல்

நம் ஊரில் புளிய மரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் அந்தக் காகிதத்தோடு போனோம். நாற்பது வருஷத்துக்கு மேல் லாரி வில் வேலை செய்தவர். அவருடைய உதவியாள் நம் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ முடித்த பையன். நாம் தமிழில் விளக்கிச் சொன்னதைப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நான் தொழில் கத்துக்கிட்ட லாரியிலே எல்லாம் பித்தளை புஷ், சார். கிரீஸ் அடிச்சா பின்மேலே தானாச் சுத்தும். எப்படி இறுக்கினாலும் ஒண்ணுதான். அந்தக் கையாலேயே ரப்பரையும் இறுக்கிக்கிட்டு வந்துட்டேன்" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எத்தனை வண்டியோ!" என்று தமக்குள்ளே சொல்லிக்கொண்டார். தொழிலில் நரைத்த ஒருவர், படித்தவன் எதிரில் அப்படி ஒப்புக்கொள்வதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும்!

பிறகு அவர் செய்ததைக் கேளுங்கள். வில்லைக் கழற்றுவதற்கு முன் சிறு சுத்தியலால் ஒவ்வொரு பட்டையையும் தட்டிக்கொண்டே வந்தார். மூன்றாவது பட்டையில் ஓசை மந்தமாக வந்தது. "இது போயிடுச்சு, சார்" என்றார். கழற்றிப் பார்த்தபோது, இறுக்கும் தகட்டின் கீழே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அந்தப் பட்டை முறிந்திருந்தது. வண்டி சாய்ந்து நின்ற மர்மம் வெளியாயிற்று. நாம் இரவு பகலாகப் படித்த புத்தகம் எதுவும் அந்தச் சத்தத்தை நமக்குச் சொல்லித் தரவில்லை.

தளர்ந்த பட்டைகளை எரிவாயுத் தீயில் காய்ச்சி வளைத்தால் சீக்கிரம் முடியுமே என்று பையன் கேட்டான். "காய்ச்சினா பதம் போயிடும்டா" என்று கிழவர் தடுத்தார். பதம் போன எஃகு வில்லாக இராது, வெறும் இரும்பாகிவிடும். முறிந்ததற்குப் புதிய பட்டை மாற்றி, மற்றவற்றைத் தீ காட்டாமலே தட்டி வளைவு கொடுத்து, துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி அடுக்கினார். வண்டியைத் தரையில் இறக்கி, நாலு பேரை உள்ளே உட்காரச் சொல்லி எழுப்பிவிட்டு, அதன் பிறகே போல்ட்டை இறுக்கினார்.

அறிவு யாருடைய சொத்து?

வண்டி நம்முடையது, அதைச் செப்பனிடும் அறிவு மட்டும் செய்தவனுடைய பெட்டியில் பூட்டிக் கிடக்கலாமா? இந்தக் கேள்வி நம் தேசத்தில் ஏற்கெனவே எழுந்திருக்கிறது. உதிரி உறுப்புகளும் பழுது பார்க்கும் விவரங்களும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைப்பதில்லை என்ற புகாரின்மேல், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விவகாரம் பிறகு மேல் மன்றங்களுக்குச் சென்றது. 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் இலாகா 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி அதற்கென்று ஓர் இணையதளத்தையும் திறந்தது. விவசாயக் கருவி, கைப்பேசி, வீட்டுச் சாதனம், மோட்டார் ஆகிய நான்கு துறைகளின் விவரங்களும் அங்கே பொதுஜனங்களுக்குக் கிடைக்கவேண்டும் என்பது நோக்கம்.

நல்ல காரியந்தான். ஆனால் புத்தகம் கிடைத்தும், அது ஆங்கிலத்தில் இருந்தபடியால் பெரியவருக்குப் பயன்படாமலே இருந்ததல்லவா? நாற்பது வருஷம் ஒரு குறிப்பு தெரியாமல் போனதற்கு அவருடைய புத்திக் குறைவா காரணம்? தமிழில் அதை எழுதிவைக்காத நாம்தான் காரணம். பெ. நா. அப்புஸ்வாமி போன்றவர்கள் விஞ்ஞானத்தைத் தெளிந்த தமிழில் எழுத முடியும் என்று எப்போதோ காட்டிவிட்டார்கள். மரத்தடிப் பட்டறை வரையில் அது இன்னும் போய்ச் சேரவில்லை.

சில குறிப்புகள்

பழைய டீசல் கார் வைத்திருக்கும் நேயர்களுக்கு: வண்டியின் ஆண்டு, சட்ட எண், இயந்திர எண் மூன்றையும் குறித்துக்கொண்டு புத்தகம் தேடுங்கள். முன்னோர் வண்டியின் பெயரிலும் தேடுங்கள். அச்சான ஆண்டையும் அளவுகளையும் ஒத்துப் பாருங்கள். பழைய நூல்களில் எல்லாம் அங்குலமும் பவுண்டுமாக இருக்கும். புத்தகம் தருகிறேன் என்று சொல்லி வங்கி அட்டை எண்ணைக் கேட்கும் முகவரியை விட்டு ஓடிவிடுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். உறுதியான தாங்கி வைத்து, மற்றச் சக்கரங்களுக்கு அடைகட்டை கொடுத்த பிறகே வேலை. 'யு' கம்பிகளைச் சில நாள் ஓட்டியபின் மறுபடியும் இறுக்கிப் பாருங்கள். முன் முறுக்குத் தண்டுகளில் இடத்தை வலமாக மாற்றக்கூடாது. கீறல் விழவும் விடக்கூடாது. கடற்கரை போய்வந்தால் வண்டியின் அடிப்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். புகை கக்கும் வண்டியை மட்டும், எவ்வளவு பாசமிருந்தாலும், ஊரார் மூச்சின்மேல் ஓட்டவேண்டாம்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை தாயாரை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் போனோம். திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியும் ஓசையே இல்லை. பஞ்ச ரதங்களின் எதிரில் தாயார் சற்று உட்கார்ந்தார். பல்லவர் காலத்துக் கல் ரதங்கள் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேலாகப் பழுதில்லாமல் நிற்கின்றன. "இதற்கெல்லாம் வில் வேண்டாம், ஒரு நாளும் ஓடியதில்லையே!" என்றோம். தாயார் சிரித்தார்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை மாலைகளில் அந்தப் பையன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நம் வீட்டுக்கு வருகிறான். நாம் கைநூலைப் படித்துத் தமிழில் சொல்கிறோம், அவன் எழுதிக்கொள்கிறான். மறுநாள் பெரியவரிடம் வாசித்துக் காட்டுகிறான். அவர் திருத்தங்கள் சொல்லி அனுப்புகிறார். சென்ற வாரம் வந்த திருத்தம் இது: "சுத்தியலால் தட்டிக் கேட்பதை முதல் பக்கத்தில் போடச் சொல்லு, சார்கிட்ட."

போட்டுவிட்டோம்.