தீவில் ஏன் மின்சாரம் நின்றது?

மாணவர்களே, 2025 பிப்ரவரி 9 அன்று பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டது. இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது! பாவம், குரங்கு ஒரு சாக்குத்தான்.

கோவளத்து மின்விசிறி காஷ்மீர் வரை பரவிய ஒரே மின்வலையைச் சேர்ந்தது; 2013 டிசம்பர் 31 முதல் தென்னகமும் அதனுடன் ஒத்திசைந்து இயங்குகிறது. ஓரிடத்தில் பழுது நேர்ந்தால், எங்கெங்கோ சுழலும் கனத்த சக்கரங்களின் உந்தம் தாங்கிக்கொள்ளும். தனித்த தீவுக்கு அத்துணை இல்லை. அன்று ஞாயிறு, மின்தேவை குறைவு. சூரியத் தகடுகளே நிறையத் தந்தன. அவற்றில் சுழலும் சக்கரம் ஏது? நொடிக்கு 50 என்னும் அதிர்வெண் குலைய, நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றது. இமைப்பொழுதில் மின்சாரம் தரும் பெரிய மின்கலத் தொகுதிகள் இக்குறையை நீக்கும்.

ஆனால் புயலுக்குப் பெரிய வலை மட்டும் போதாது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயலில் சென்னை, காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான கம்பங்கள் சாய்ந்தன. அங்கே உதவுவது மண்ணுக்கடியில் புதைத்த கேபிள்.