சாந்தைப் பார்த்துக் காலம் சொன்னவர்

ரோம் நகரின் பழைய ஃபோரத்தில், வெஸ்டா தேவதையின் கன்னிப் பூசாரிகள் வாழ்ந்த மாளிகையின் இடிபாடுகளில் 1907இல் ஒரு சொற்பொழிவு நடந்தது. கேட்க வந்திருந்த எஸ்தர் வான் டீமனின் பார்வை அங்கே அடைக்கப்பட்டிருந்த ஒரு வாசலில் நின்றது. அதை அடைத்திருந்த செங்கல் வேறாகவும் சுற்றியிருந்த சுவரின் செங்கல் வேறாகவும் இருந்தன. அப்படியானால் இரண்டும் வெவ்வேறு காலத்து வேலை. அவருடைய எஞ்சிய வாழ்நாள் முழுவதும் இந்த வேறுபாட்டைத் துரத்துவதிலேயே கழிந்தது.

1862இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். 1898இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் லத்தீனில் முனைவர் பட்டம் பெற்றவர். ஏடுகளைப் படித்து வளர்ந்த அந்தக் கண் சுவர்களையும் படிக்கத் தொடங்கியதுதான் எனக்குப் பெரும் வியப்பு.

ரோமானியச் சுவரின் உட்புறம் சுண்ணாம்பு, எரிமலை மணல், உடைகல் சேர்ந்து இறுகிய கலவை. செங்கல் அதன் முகப்பு மட்டுமே. பேரரசின் தொடக்கத்தில் செங்கல் வரிகளுக்கு இடையே சாந்து மெலிதாக இருக்கும். நூற்றாண்டுகள் செல்லச் செல்லச் சாந்து தடித்தது, செங்கல் மெலிந்தது. வான் டீமன் செங்கல்லின் தடிமன், நிறம், சுட்ட பதம், சாந்தில் கலந்த பொருள் என ஒவ்வொன்றையும் அளந்து குறித்தார். சில செங்கற்களில் சூளை முத்திரை உண்டு. கி.பி. 123ஆம் ஆண்டின் கான்சல்கள் எனப்படும் உயர் அதிகாரிகளின் பெயரைத் தாங்கியவை ஏராளம். ஆனால் முத்திரை, செங்கல் செய்த காலத்தைத்தான் சொல்லும். பழைய செங்கல்லைப் பெயர்த்தெடுத்துப் புதுச் சுவரில் வைத்துக் கட்டுவது ரோமிலும் வழக்கம். அதனால் முத்திரை ஒன்றையே நம்பாமல் எல்லாச் சான்றுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்.

வெஸ்டா மாளிகை பற்றிய அவரது நூல் 1909இல் வந்தது. கட்டடங்களின் காலத்தைக் கணிக்கும் முறையை விளக்கும் கட்டுரை 1912இல் வெளியானது. எந்தப் பேரரசர் எதைக் கட்டினார் என்பதைப் பெரும்பாலும் பழைய நூல்களில் தேடிய நிலை மாறியது. பிறகு அவர் ரோமுக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்களின் பக்கம் திரும்பினார். ஆங்கிலேய ஆய்வாளர் தாமஸ் ஆஷ்பியுடன் மலையும் பள்ளமுமாக அவற்றின் தடம் பிடித்து நடந்தார். அதன் பயனாக 1934இல் ஒரு பெருநூல் பிறந்தது. வழியெல்லாம் அவர் எடுத்த புகைப்படங்களின் மதிப்பு இன்று இன்னும் கூடியிருக்கிறது. அன்று நின்ற சுவர்களில் பல இப்போது இல்லை.

அவரது கணிப்புகள் சிலவற்றைப் பின்வந்தோர் திருத்தியிருக்கிறார்கள். ஆனாலும் சுவரை உற்றுப் பார்க்கும் பழக்கம் அவர் தந்ததுதான். ரோமானியக் கட்டுமானம் பற்றி அவர் தொடங்கிய பெரும்பணி, 1937இல் அவர் மறைந்தபோது முடிந்திருக்கவில்லை. அவரது குறிப்புகளைக் கொண்டு மரியன் பிளேக் அதைத் தொடர்ந்தார். முதல் தொகுதி 1947இல் வெளிவந்தது.