வளைகாப்புக்கு மறுநாளும் களையெடுக்கப் போகும் பெண்கள்

செஞ்சி வட்டம் அனந்தபுரத்தைச் சுற்றியுள்ள வயல்களில் நடவு நடக்கும்போது கொஞ்சம் நின்று பார்த்தால் தெரியும். சேற்றில் வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்களுக்கு நடுவே வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவர்களும் இருப்பார்கள். மல்லாட்டை பறிப்பு, களையெடுப்பு, கரும்பு வெட்டு, செங்கல் சூளை என்று வேலை மாறினாலும் இடுப்பு வலி மாறுவதில்லை. இவர்களில் அதிகம் பேர் நிலமில்லாத தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பட்டியல் சாதியினர் 29 சதவீதத்துக்கும் மேல்.

பிரசவத்தைப் பொறுத்தவரை தமிழ்நாடு பெருமைப்படலாம். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், மருத்துவமனைப் பிரசவம் இங்கு 99.6 சதவீதம். ஆனால் அதே கணக்கெடுப்பில், மாநிலத்தின் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிள்ளை பெறும் நாளில் ஆஸ்பத்திரி கிடைக்கிறது. அதற்கு முந்தைய ஒன்பது மாதம் எப்படிக் கழிகிறது என்பதுதான் கேள்வி.

கர்ப்ப கால வாழ்க்கைத் தரம் ரத்த அளவோடு முடிவதல்ல. வயிறார சாப்பிட்டாளா, இரவு தூங்கினாளா, தண்ணீர்க் குடத்தை யார் தூக்கினார்கள், வீட்டில் கழிப்பறை இருக்கிறதா, கணவர் குடித்துவிட்டு வந்து சண்டை போடுகிறாரா என்பதெல்லாம் அதில் அடங்கும். பரிசோதனைக்குப் போன இடத்தில் மரியாதையாகப் பேசினார்களா என்பதும் முக்கியம். ஒருமுறை முகம் சுளிக்கப்பட்டவர் அடுத்த பரிசோதனைக்குப் போகத் தயங்குவார். இந்தியாவில் தலித் பெண்கள் உயர்சாதிப் பெண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று ஐ.நா. மகளிர் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. சுகாதாரம், குடிநீர், மருத்துவ வசதி ஆகியவற்றில் உள்ள குறைகளே இதற்குக் காரணம் என்றும் அது சுட்டிக்காட்டியது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கூலிப் பெண்ணுக்குக் கிடைக்காத ஒன்று ஓய்வு. வேலைக்குப் போகாத நாளில் அடுப்பு எரிவது சிரமம். தமிழக அரசுப் பணியில் உள்ள பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் மகப்பேறு விடுப்பு உண்டு. 1961ல் வந்த மகப்பேறு பயன் சட்டம் 2017ல் திருத்தப்பட்டு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது. நாற்று நடும் கூலிப் பெண்ணுக்கு அந்த விடுப்பு இல்லை.

1928ல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்கான மகப்பேறு மசோதா வந்தபோது, அதை ஆதரித்துப் பேசினார் அம்பேத்கர். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது என்பதும், அதன் செலவில் முதலாளிக்கும் அரசுக்கும் பங்கு உண்டு என்பதும் அவர் வாதம். மறு ஆண்டே அது சட்டமானது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகியும் அந்த நியாயம் வயல்வரப்புக்கு வந்து சேரவில்லை.

வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள தாய்மார்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. 19 வயது நிறைந்தவர்களுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு, 14,000 ரூபாய் பணமும் 4,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் கிடைக்கும். நல்ல திட்டம்தான். ஆனால் 2024 மாற்றத்தின்படி, நான்காம் மாதத்தில் 6,000 ரூபாய் வந்தபின், அடுத்த தவணை பிரசவம் ஆகி நான்கு மாதம் கழித்தே வரும். உடம்பு மிகவும் பாரமாக இருக்கும் ஏழு, எட்டு, ஒன்பதாம் மாதங்களில் கைக்குப் பணம் வருவதில்லை. கூலியை ஈடுசெய்யும் தொகை அந்த மாதங்களில்தான் தேவை. இதைக் கேட்பது சலுகை கோருவதல்ல.

இருப்பதையும் விடாமல் பெற வேண்டும். மூன்று மாதத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். பிழைப்புக்காக வெளியூர் போகிறவர்கள் அந்த எண்ணையும் பரிசோதனைப் புத்தகத்தையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு சேர்த்துச் சாப்பிட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. முகம், கை வீக்கம், கடும் தலைவலி, கண் மங்கல், ரத்தப்போக்கு, பிள்ளை அசைவு குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். படித்த பிள்ளைகள் தெருவில் உள்ள அக்கா, அண்ணிகளுக்கு வங்கிக் கணக்கு, ஆதார் வேலைகளில் உதவலாம்.

ஏழாம் மாதத்தில் ஊர் கூடி வளைகாப்பு நடத்தி, கை நிறைய வளையல் போடுகிறோம். மறுநாளே அந்தக் கை களையெடுக்கப் போகாதபடி பார்த்துக்கொள்வது குடும்பத்தின் கடமை, அரசின் கடமையும்கூட.