ஐம்பது வயதிலும் விடலாம் பீடியை

“இத்தனை வருஷம் இழுத்தாச்சு. இனி விட்டு என்ன ஆகப்போகுது?” மூணாறு, தேவிகுளம் தேயிலைத் தோட்டங்களிலும், பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும், ஐம்பதைத் தாண்டியவர்களிடம் பீடியைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தப் பதில் வரும். இதைக் கேட்டுத் தலையாட்ட மனம் வரவில்லை. இது உண்மை அல்ல.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் 1951இல் தொடங்கிய ஆய்வு, ஆண் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 2004இல் வெளியான அதன் முடிவு இது: கடைசிவரை புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழக்கிறார். 30 வயதில் விட்டவருக்கு ஏறக்குறைய அந்தப் பத்தும் மிஞ்சுகிறது. 40இல் விட்டால் ஒன்பது, 50இல் ஆறு, 60இல்கூட மூன்று. பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் காலத்தில் மூன்று ஆண்டு என்பது சின்ன விஷயமா?

“சிகரெட்டா குடிக்கிறேன், பீடிதானே” என்பது அடுத்த சமாதானம். பீடியில் புகையிலை குறைவு என்பது சரிதான். ஆனால் பீடி இலை காற்றை உள்ளே விடாது. அணைந்து அணைந்து போகும். அதனால் அழுத்தமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடும் தாரும் நிக்கோட்டினும் சிகரெட்டுக்குக் குறையாமல் நெஞ்சுக்குள் போகின்றன. பீடி பிடிக்கும் இந்திய ஆண்கள் சராசரியாக ஆறு ஆண்டை இழக்கிறார்கள் என்று பிரபாத் ஜா குழுவினரின் ஆய்வு 2008இலேயே சொல்லிவிட்டது.

மலைச்சரிவில் கவாத்து வெட்டுகிறவருக்கும், மருந்தடிக்கிறவருக்கும், கொழுந்து மூட்டை சுமக்கிறவருக்கும் மூச்சுதான் கூலி. விட்ட ஓரிரு நாளில் ரத்தத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளியேறிவிடுகிறது. அது பிடித்திருந்த இடத்தில் ஆக்சிஜன் ஏறுகிறது. சில வாரங்களில் மேடேறும்போது இரைப்பு குறைவதைப் பலர் தாமே உணர்கிறார்கள். ஓராண்டில் புகையால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து பாதியாகிறது. பத்தாண்டில் நுரையீரல் புற்றுநோயால் சாகும் ஆபத்தும் ஏறக்குறைய பாதிக்கு இறங்குகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிதைந்துபோன காற்றறைகள் திரும்ப முளைப்பதில்லை. ஆனால் விட்ட பிறகு சிதைவின் வேகம் தணிகிறது. ஐம்பது வயதுக்காரருக்கு அதுவே பெரிய லாபம். இன்னொன்று, விட்ட புதிதில் சிலருக்கு இருமல் கூடும். மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்கிச் சளியை வெளியே தள்ளுவதால் வருவது அது. “பீடியை விட்டதாலதான் நெஞ்சு கெட்டுப்போச்சு” என்று பயந்து திரும்பப் பற்றவைக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். சளியில் ரத்தம் வந்தாலோ, இருமல் வாரக்கணக்கில் நீடித்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். அதற்குப் பீடி மருந்தல்ல.

புகை பிடிப்பவரோடு மட்டும் அது நின்றுவிடுவதில்லை. பொது இடத்தில் புகைப்பதைத் தடுத்ததில் கேரளம் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. 1999 ஜூலை 12 அன்று கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை அளித்தது. அமர்வில் இருந்தவர்கள் தேவகோட்டைக்காரரான ஏ.ஆர்.லட்சுமணனும் கே.நாராயண குருப்பும். பிறர் புகையைச் சுவாசிக்க வைப்பது அரசியல் சட்டம் தரும் உயிர்வாழும் உரிமையைப் பறிப்பது என்றார்கள். 2001இல் உச்ச நீதிமன்றமும், 2003இல் மத்தியச் சட்டமும் அந்த வழியில் வந்தன.

ஆனால் எந்தத் தீர்ப்பும் தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டுக்குள் நுழைவதில்லை. குளிருக்குக் கதவைச் சாத்திய ஒற்றை அறையில் அப்பா பற்றவைத்தால், பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைக்கும் அதே புகைதான். வெளியே போய்க் குடித்துவிட்டு வருவதும் போதாது. சட்டையிலும் கம்பளியிலும் புகையின் நச்சு ஒட்டிக்கொண்டு உள்ளே வருகிறது.

விடுவது கஷ்டம்தான். முதல் மூன்று நாள் எரிச்சலும் தூக்கமின்மையும் வாட்டும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். வாய்க்கு ஏதாவது வேண்டுமென்று ஹான்ஸ் போன்ற மெல்லும் புகையிலைக்கோ வெற்றிலையோடு புகையிலைக்கோ மாறுவது விடுதலை ஆகாது, வாய்ப்புற்றுக்கு வழி. நிக்கோட்டின் சூயிங்கம் உதவும், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு எடுக்கலாம். கேரளத்தின் குடும்ப சுகாதார மையங்களில் மூச்சுக் கோளாறுகளுக்கென்றே ‘சுவாஸ்’ கிளினிக்குகள் நடக்கின்றன. கட்டணமில்லாத தேசிய உதவி எண் 1800-11-2356 சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கிறது.