உங்களுக்குத் தெரியுமா? சட்டம் இயற்றும் அவையும் பெண்ணின் உடல்நலமும்

ஒரு பெண்ணின் கல்யாணம், பிரசவம், சம்பளம், விடுப்பு என எதை எடுத்தாலும் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. அதற்குக் கை தூக்கியவர்களும் எதிர்த்தவர்களும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் அந்தக் கதை தேக்காவுக்கு மிக அருகிலேயே தொடங்குகிறது.

தேக்காவின் பக்கத்தில் ஓர் உலக சாதனை

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தை ஒட்டி, ஹாம்ப்ஷயர் சாலையில் நிலப் போக்குவரத்து ஆணையம் இருக்கும் வளாகம்தான் பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. 1924 அக்டோபர் 1 அன்று அது மகப்பேற்று மருத்துவமனை ஆனது. 1966-இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேல்! ஒரே மருத்துவமனையில் அதிகப் பிரசவங்கள் என்று கின்னஸ் புத்தகத்திலும் இடம் கிடைத்தது. 1997-இல் மருத்துவமனை புக்கித் தீமா சாலைக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாறியது. இன்றைக்கும் நமக்கு அது 'கேகே'தான்.

பம்பாயில் கூடிய எட்டு நாடுகள்

போருக்குப் பிந்தைய பஞ்ச காலத்தில் பசித்த பிள்ளைகளுக்குச் சோறு போடும் நிலையங்களில் உழைத்தவர் கான்ஸ்டன்ஸ் கோ. அடுத்தடுத்துப் பிள்ளை பெற்று ஓய்ந்துபோன தாய்மார்களுக்கு வழிகாட்ட, 1949-இல் சிங்கப்பூர் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவாக அவரே முன்னின்றார். 1952-இல் பம்பாயில் அனைத்துலகக் குடும்பக் கட்டுப்பாட்டுக் கூட்டமைப்பு பிறந்தபோது, அதைத் தொடங்கிய எட்டு நாட்டுச் சங்கங்களில் சிங்கப்பூருடையதும் ஒன்று. அந்தக் கூட்டத்தை முன்னின்று நடத்திய தன்வந்தி ராமராவ், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து ராணி மேரி கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அப்போது அரசு இன்னும் விழித்துக்கொள்ளவில்லை. பெண்கள்தான் முதலில் வேலையைத் தொடங்கினார்கள்.

ஒருவனுக்கு ஒருத்தி

பம்பாயில் பிறந்த ஷிரின் ஃபோஸ்டார் 1950-இல் சிங்கப்பூருக்குக் குடிவந்தார். ஓர் ஆண் எத்தனை பெண்களை வேண்டுமானாலும் மணக்கலாம் என்ற நிலை அவரைப் பதற வைத்தது. 1952-இல் சிங்கப்பூர் மாதர் மன்றத்தைத் தொடங்கியவர்களில் அவர் முக்கியமானவர். கட்சிகளின் கதவுகளை அவர்கள் விடாமல் தட்டினார்கள். 1959 தேர்தல் அறிக்கையில் மக்கள் செயல் கட்சி ஒருதார மணத்துக்கு வாக்குறுதி தந்தது.

ஓட்டுச் சீட்டின் பலம்

சிங்கப்பூரில் வாக்களிப்பது கட்டாயமானதும் அதே 1959 தேர்தலில்தான். அடுப்படியை விட்டு வெளியே வராத பெண்களும் வாக்குச்சாவடிக்கு வந்தார்கள். அவர்களுடைய ஓட்டு இல்லாமல் வெல்ல முடியாது என்று கட்சிகளுக்குப் புரிந்தது. 51 இடங்கள் கொண்ட சட்டமன்றத்துக்கு ஐந்து பெண்கள் தேர்வானார்கள்: சான் சோய் சியோங், ஹோ புவாய் சூ, ஃபுங் யின் சிங், சஹோரா அகமது, எதிர்க்கட்சி வரிசையில் சியாவ் பெக் லெங். சியாவ் பெக் லெங் மாதர் மன்றத்தில் ஷிரினோடு உழைத்தவர்.

இறைச்சித் துண்டா பெண்?

ஆட்சிக்கு வந்த கட்சி தந்த வாக்குறுதி, மாதர் சாசனம் என்ற மசோதாவாக அவைக்கு வந்தது. அந்த விவாதத்தில் சான் சோய் சியோங் பேசிய பேச்சு அவைக் குறிப்பில் இருக்கிறது. ஆண்கள் வெட்டித் தின்ன மேசையில் வைத்த இறைச்சித் துண்டுகளைப் போலப் பெண்கள் நடத்தப்படுகிறார்கள் என்று அவர் நேருக்கு நேர் சொன்னார். 1961 மே 24 அன்று சாசனம் நிறைவேறியது. செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பலதார மணத்துக்குத் தடை, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சம், திருமணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்து என்று பல உரிமைகள் ஒரே சட்டத்துக்குள் வந்தன.

மணவறைக்கு அருகே ஒரு மேசை

சிராங்கூன் சாலைக் கோயில் கல்யாணங்களில் மணவறையை ஒட்டி ஒரு மேசை போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். திருமணத்தை நடத்திவைக்க உரிமம் பெற்றவர், சம்மதமா என்று மணமக்கள் இருவரையும் தனித்தனியே கேட்கிறார். 21 வயது நிறைந்த சாட்சிகள் இருவர் உடனிருக்கிறார்கள். குறைந்தது 21 நாளுக்கு முன்பே பதிவகத்துக்கு அறிவித்தாக வேண்டும். மாதர் சாசனம் தந்த பாதுகாப்பு இது. ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று சட்டப்படி வாழ்ந்த காலம் அதோடு முடிந்தது. சென்னை மாகாணம் 1949-லேயே இந்து இருதார மணத் தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. முஸ்லிம்களின் திருமணமும் மணவிலக்கும் ஷரியா நீதிமன்றத்தின்கீழ் வருகின்றன. ஆனால் சாசனத்தின் குடும்ப வன்முறைப் பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

ஆம்புலன்ஸில் வந்த வாக்கு

சாசனம் நிறைவேறி இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் அரசே கவிழும் நிலைக்கு வந்தது. நம்பிக்கை வாக்கெடுப்பு விவாதம் இரவு முழுக்க நீண்டு, 1961 ஜூலை 21 விடியற்காலையில் முடிந்தது. சிக்லாப் உறுப்பினர் சஹோரா அகமது அப்போது மருத்துவமனையில் படுத்திருந்தார். ஆம்புலன்ஸில் வந்து, தூக்குப்படுக்கையில் கிடந்தபடியே அரசை ஆதரித்து வாக்களித்தார். ஆதரவு 27, எதிர்ப்பு 8, நடுநிலை 16. ஓர் உறுப்பினரின் ஒற்றை வாக்குக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சட்டம் திறந்த மருந்தக வாசல்

1965-இல் விடுதலை பெற்ற கையோடு நாடாளுமன்றம் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சட்டம் இயற்றியது. 1966 ஜனவரியில் வாரியம் வேலையைத் தொடங்கியது. 1969-இல் கருக்கலைப்புச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, அவரவர் மனசாட்சிப்படி வாக்களிக்க ஆளுங்கட்சி தன் உறுப்பினர்களை அனுமதித்தது. 1970-இல் அது நடைமுறைக்கு வந்தது. 1974-இல் மேலும் தளர்த்தப்பட்டது. திருட்டுத்தனமான, உயிரைப் பறிக்கும் கருக்கலைப்புகளுக்கு முடிவு கட்ட அது முனைந்தது.

14 ஆண்டு வெற்றிடம்

1968 தேர்தலுக்குப் பிறகு அவையில் இருந்த ஒரே பெண் சான் சோய் சியோங். 1970-இல் அவரும் விலகினார். அதிலிருந்து 1984 வரை சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் ஒரு பெண்கூட இல்லை. அந்தக் காலத்தில் வந்த விதிகளைப் பாருங்கள். 'இரண்டே போதும்' இயக்கம் 1972-இல் சூடுபிடித்தது. அடுத்த ஆண்டே மூன்றாவது பிரசவத்துக்குச் சம்பளத்துடன் விடுப்பு கிடையாது என்றானது. பிள்ளை கூடக்கூடப் பிரசவக் கட்டணமும் ஏறியது. 1979-இல் மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஓர் இடம்தான் என்று வரம்பு போட்டார்கள். பெண்ணின் கருப்பையையும் கல்வியையும் பற்றி முடிவெடுத்த அவையில் அவளுக்காகப் பேச ஒரு பெண் குரல் இல்லை.

தாய்மார்கள் சொன்ன பதில்

1984-இல் பட்டதாரித் தாய்மார் திட்டம் வந்தது. பட்டம் பெற்ற தாயின் மூன்றாவது பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை. படிப்புக் குறைந்த, வருமானம் குறைந்த இளம் தாய் கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி. மக்கள் கொதித்தார்கள். ஆண்டு முடிவில் நடந்த தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு சுமார் 13 விழுக்காட்டுப் புள்ளி சரிந்தது. அதே தேர்தலில் ஏலின் வோங், டிக்ஸி டான், யூ-ஃபூ யீ ஷூன் என மூன்று பெண்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். 1985-இல் பள்ளிச் சேர்க்கைச் சலுகை கைவிடப்பட்டது. பெண்களின் உரிமைக்காகக் குரல் கொடுக்கும் 'அவேர்' அமைப்பு பிறந்ததும் அதே ஆண்டு.

கேகேயில் ஒரு தமிழ் மருத்துவர்

1983 மே மாதம் கேகேயில் பிறந்த குழந்தை, ஆசியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று கொண்டாடப்பட்டது. அந்த மருத்துவக் குழுவை வழிநடத்தியவர் இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம். விஞ்ஞானம் வழி திறந்தாலும் யார் உள்ளே போகலாம் என்பதைச் சட்டமே சொல்கிறது. 21 முதல் 37 வயதுவரையுள்ள பெண்கள், மருத்துவக் காரணம் இல்லாமலே தங்கள் கருமுட்டைகளை உறைநிலையில் சேமிக்க 2023 ஜூலை முதல் அனுமதி கிடைத்தது. அவற்றைப் பயன்படுத்தச் சட்டப்படி திருமணம் ஆகியிருக்க வேண்டும்.

தோற்ற மசோதா வென்ற கதை

எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் கன்வல்ஜித் சோயின் 1992-இல் முதல் பெண் நியமன நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 1995-இல் தனிநபர் மசோதாவாகக் குடும்ப வன்முறைத் தடுப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். அது தோற்றது. ஆனால் அதிலிருந்த பல அம்சங்கள் அடுத்த ஆண்டே மாதர் சாசனத் திருத்தத்தில் இடம்பிடித்தன. உடலில் அடிபட்டால்தான் வன்முறை என்ற எண்ணம் மாறி, ஓயாத தொந்தரவும் வன்முறையே என்று சட்டம் ஏற்றது. இன்று குடும்ப நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்டு விண்ணப்பிக்கலாம். உதவிக்கு 24 மணி நேரத் தேசியத் தொலைபேசி எண் 1800-777-0000. குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள்.

தாய்வழிக் குடியுரிமை

சிங்கப்பூர்த் தாய் சென்னையிலோ லண்டனிலோ பிள்ளை பெற்றால், வம்சாவளிக் குடியுரிமையைப் பிள்ளைக்குத் தர 2004 வரை அவரால் முடியாமல் இருந்தது. தந்தைக்கு மட்டுமே அந்த உரிமை இருந்தது. அரசமைப்புத் திருத்தம் அந்த அநீதியை நீக்கியது. மருத்துவக் கல்லூரி வரம்பு அதற்கு முந்தைய ஆண்டே போய்விட்டது.

எட்டு வாரம் முதல் பதினாறு வாரம் வரை

1968 வேலைவாய்ப்புச் சட்டத்தில் மகப்பேற்று விடுப்பு எட்டு வாரம். 2004-இல் 12, 2008-இல் 16. தந்தையருக்கு 2013-இல் ஒரு வாரம் கிடைத்தது. 2025 ஏப்ரல் முதல் அது நான்கு வாரம். கர்ப்பம், பாலினம், திருமண நிலை காரணமாக ஒருவரை வேலையில் ஒதுக்கக்கூடாது என்று சொல்லும் பணியிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறியது. வீட்டுக்குள்ளும் சட்டம் மாறியது: மனைவியின் சம்மதம் இல்லாத உறவுக்குக் கணவனுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு 2020 ஜனவரி 1 அன்று முழுமையாக ஒழிந்தது.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு முன்னோடி

1927-இல் சென்னைச் சட்டமன்றத்துக்குள் நுழைந்து துணைத் தலைவரானவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947-இல் சட்டமாகப் பலித்தது. லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் நம் ஊர்த் தம்பிகள் பலருடைய மனைவிமாருக்கு அவர் பெயரை நன்றாகவே தெரியும். தமிழக அரசு 18,000 ரூபாய் மதிப்பில் உதவும் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரில்தான் நடக்கிறது.

உலகம் சொல்லும் பாடம்

பிலிப்பீன்ஸில் இனப்பெருக்க நல மசோதா பத்தாண்டுக்கும் மேல் இழுத்தடிக்கப்பட்டு 2012-இல்தான் சட்டமானது. ஏழைப் பெண்ணுக்கும் அரசுச் செலவில் கருத்தடைச் சாதனம் என்று அது உறுதி தந்தது. பிரான்சில் சுகாதார அமைச்சர் சிமோன் வேய் சில பெண் உறுப்பினர்களே இருந்த அவையில் தனியாக நின்று வாதாடி, 1975-இல் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கினார். ருவாண்டா 2008-இல் உலகிலேயே முதன்முறையாகப் பெண்கள் பெரும்பான்மை பெற்ற நாடாளுமன்றத்தைக் கண்டது. 1994-இல் கெய்ரோவில் 179 நாடுகள் கூடி, எத்தனை பிள்ளை, எப்போது என்பதைப் பெண்ணும் அவள் துணைவரும் தாமே முடிவுசெய்யும் உரிமையை வலியுறுத்தின. ஆனாலும் உலக நாடாளுமன்றங்களில் பெண்களின் பங்கு இன்றும் நான்கில் ஒன்றைச் சற்றே தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னும் எட்டாத இடம்

நம் வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வளர்க்கும் பணிப்பெண்ணுக்கு மாதம் ஒரு நாளாவது கட்டாய ஓய்வு தரவேண்டும், அதைக் காசு கொடுத்து ஈடுகட்டக்கூடாது என்ற விதி 2023-இல் வந்தது. நல்லது. ஆனால் பணிப்பெண் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கர்ப்பப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். இங்கே கருவுற்றால் வேலையை இழக்க நேரும். பல பிள்ளைகளை வளர்த்துத் தருபவருக்குத் தன் உடல்மீது உள்ள உரிமை இவ்வளவுதானா என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

உங்கள் பங்கு

ஒவ்வொரு தொகுதியிலும் வாரந்தோறும் மாலையில் மக்கள் சந்திப்பு நடக்கிறது. வீவக வீடு, சாலை விளக்கு என்று மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். மகப்பேற்று விடுப்பு, குடும்ப வன்முறை, பணிப்பெண்களின் உடல்நலம் பற்றியும் உங்கள் உறுப்பினரிடம் கேளுங்கள். அம்மாவையும் அக்காவையும் உடன் அழைத்துப் போங்கள். 1961-இல் மாதர் சாசனம் வந்ததும், 1985-இல் பட்டதாரித் தாய்மாருக்கான சலுகை போனதும் கேட்கத் துணிந்த பெண்களால்தான்.