பழைய சேலையில் புதிய தோரணம்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் வட்டாரத்தில் மளிகைக்கடை நடத்தும் நமக்குக் கைகொடுக்கும் பண்டிகைகளில் ஆயுத பூஜையும் ஒன்று. பொரி, கடலை, பூசணிக்காயோடு அலங்காரப் பொருள்களும் விலைபோகும். வட மாநிலத் தொழிலாளர்கள் பெருகிய பின், செப்டம்பர் 17-ஐ ஒட்டி வரும் விஸ்வகர்மா பூஜையும் சேர்ந்து கொண்டது.

இந்த வியாபாரத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. தமிழக அரசு 1.1.2019 முதல் தடை செய்த பொருள்களில் பிளாஸ்டிக் பையோடு பிளாஸ்டிக் கொடியும் உண்டு. மத்திய அரசு 1.7.2022 முதல் விதித்த தடையில் அலங்காரத் தெர்மாகோலும் அடங்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று இவற்றை வாங்கி அடுக்கினால், சரக்கும் போய் அபராதமும் கட்ட நேரும். காகிதத் தோரணம் ஒரு மழைக்குத் தாங்காது. துணித் தோரணமோ துவைத்து மறு ஆண்டும் கட்டலாம்.

துணி அலங்காரம் நமக்குப் புதிதன்று. கோயில் தேரில் தொங்கும் தொம்பைகள் வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டுத்தையல் போட்டுச் செய்யப்படுபவை. ஒடிசாவின் பிப்லி ஊர் இதே வகை வேலைக்குப் பெயர் பெற்றது. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைத்துக் காந்தா விரிப்பு ஆக்குகிறார்கள்.

முதலில் துணியைப் பிரிக்க வேண்டும். ஓர் இழையை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி உருண்டையாக இறுகும். முடி கருகும் வாடை வந்தால் பட்டு. பட்டுச் சேலையை உடனே வெட்டிவிடக் கூடாது. அசல் சரிகையில் வெள்ளி இருப்பதால், காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் அதை விலைக்கு எடுப்பவர்களிடம் முதலில் காட்டுவது நல்லது.

பிரித்த துணியைத் துவைத்து, ஈரமாக இருக்கும்போதே வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்த்தால் சாயம் போகிறதா என்பது தெரிந்துவிடும். சாயம் போவதை மழையில் நனையும் இடத்திற்குக் கொடுக்க வேண்டாம். காய்ந்தபின் இஸ்திரி போட்டு வெட்டலாம்.

ஒரு சேலை ஏறத்தாழ 18 அடி நீளம், 44 அங்குல அகலம். இரு கரைகளையும் நீக்கினால் 40 அங்குலம் மிஞ்சும். அதில் 8 அங்குலத்தில் ஐந்து பட்டைகள் கிடைக்கும். 6 அங்குல அடி கொண்ட முக்கோணங்களை ஒன்று நேராகவும் ஒன்று தலைகீழாகவும் வெட்டினால், நைந்த பகுதி கழிந்தும் 240 தேறும். பத்தடித் தோரணத்திற்கு 12 வீதம் 20 தோரணம் ஆயிற்று. முடிச்சுக்கும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் 12 அடி நாடா வேண்டும். கரைகளையே மடித்துத் தைத்தால் மூன்று தோரணத்திற்கு நாடா மிச்சம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேலை 100 ரூபாய், நாடா அடிக்கு ஒரு ரூபாய், தையல்கூலி தோரணத்திற்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அடக்கம் 5 + 12 + 15 = 32 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதேபோல் கணக்கிட்டுக் கொள்ளுங்கள். இதில் பெரும்பங்கு துணிக்கு அன்று, கூலிக்கும் நாடாவுக்கும்தான் என்பதைக் கவனியுங்கள். ஆகவே சேலையில் பத்து ரூபாய் பேரம் பேசுவதைவிட, அருகிலுள்ள தையற்காரரிடமோ மகளிர் சுயஉதவிக் குழுவிடமோ மொத்தமாக வேலை கொடுத்துக் கூலியைப் பேசி முடிப்பதே லாபம்.

உடுத்திய துணி பூஜைக்கு ஆகாது என்று கருதும் குடும்பங்கள் பல. அவர்களிடம் மறைத்து விற்பது வியாபார தர்மம் அல்ல. பூஜை இடத்திற்குத் தையற்கடையில் மிஞ்சும் புதுத் துண்டுகளில் தைத்ததையும், கடை முகப்புக்கும் வாடகை அறைக்கும் பழஞ்சேலைத் தோரணத்தையும் தனித்தனியாக வைத்து, எது எதனால் ஆனது என்று எழுதித் தொங்கவிடுங்கள். எந்தத் துணியானாலும் விளக்கு, கற்பூரத்திற்கு எட்டக் கட்டச் சொல்ல வேண்டும்.

முதல் ஆண்டு இரண்டு சேலையோடு தொடங்குங்கள். விற்காமல் நின்றாலும் கெட்டுப்போகும் சரக்கு அன்று, பொங்கலுக்கு ஆகும்.